இதுக்கு ஒரு பேர் இருக்காம், சித்தி!

ஜனவரி 8

என் கம்பிச் சித்திக்கு,

பம்பரம் எழுதுறேன். இங்கே அம்மா சுகம், அப்பா சுகம், அப்பாவோட பஸ்ஸுக்கு மட்டும் இருமல். நீங்க சுகமா, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, எல்லாத்தையும் கேட்டுட்டதா வச்சுக்கோங்க. எனக்குப் பொறுக்கல, நேரா விஷயத்துக்கு வரேன்.

நான் யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன் சித்தி! நான் நீச்சல்காரி!

போன வருஷம் டிரம்ஸ் வாசிக்கத்தான் பொறந்தேன்னு எழுதினேன்ல, அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அதுக்கு முன்னாடி மிருக டாக்டர் ஆகப்போறேன்னு எழுதினதையும். அதெல்லாம் வேற யாரோ.

எங்க பள்ளிக்கூடத்துல கூரை போட்ட குளம் கட்டியிருக்காங்க. தண்ணியைச் சூடு பண்ணித்தான் விடுறாங்க, இறங்கினா போர்வைக்குள்ள புகுந்த மாதிரி வெதுவெதுன்னு இருக்கும். அங்கே ஒரு பயிற்சி மேடம். கழுத்துல எப்பவும் விசில், அதனால விசில் மேடம். நான் ஒரே ஒரு தடவை நீந்தினதைப் பார்த்துட்டு, "ஏய், உனக்குள்ள யாரு மோட்டாரை வச்சது?"ன்னு கேட்டாங்க. என் வாழ்க்கையில யாருமே என்கிட்ட இப்படிப் பேசினது இல்ல. அவங்க மனுஷியே இல்ல சித்தி, தெய்வம்.

இதைவிடப் பெரிய செய்தி, நீளக்கால்! வகுப்புக்குப் புதுசா வந்த பொண்ணு. பழக ஆரம்பிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல, ஆனா நான் பாதி சொல்லும்போதே மீதியை அவ சொல்லிடுறா. என் டிரம்ஸ் குச்சியை அவளுக்குக் கொடுத்துட்டேன். கடிகாரத்தையும். ரெண்டு பேரும் ஒரே ரிலே அணி. அவ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆவேன்னு நினைக்கவே மாட்டேன், நினைச்சா மூச்சு நின்னுடும்.

புது நீச்சல் உடுப்பு வாங்கியாச்சு. கறுப்பு, முழுக்கை. "எதுக்கு முழுக்கை?"ன்னு மேடம் கேட்டாங்க. குளிருதுன்னு சொன்னேன்.

இந்த உலகத்துல என்னைப் புரிஞ்சவங்க மூணே பேர்: விசில் மேடம், நீளக்கால், நீங்க. அம்மா இல்ல. இன்னிக்குக் காலையில சண்டை. எதுக்குன்னு மறந்துபோச்சு, தட்டு உடைஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு.

உடனே பதில்! உடனேன்னா உடனே!

உங்களோட, உங்களோட மட்டுமேயான,
பம்பரம்

ஜனவரி 24

நீச்சல்காரிக்கு,

கம்பிச் சித்தி நலம். படியேறும்போது முட்டி மட்டும் முனகுது, நான் கண்டுக்கிறது இல்ல. அக்காவும் மாமாவும் நலமா இருக்கட்டும். பஸ்ஸுக்கு இருமல் மருந்து கொடுக்கச் சொல்லு.

உன் கடிதத்தைக் கொடுத்த வேன்காரர், "யாரும்மா இது, உறை மேலயே இத்தனை ஆச்சரியக்குறி போட்டிருக்கு?"ன்னு கேட்டார். என் அக்கா பொண்ணுன்னு சொன்னேன். "அதான் வண்டியே லேசா ஆடுச்சு"ன்னார்.

"உடனே"ங்கிற வார்த்தைக்கு இங்கே வேற அர்த்தம், மறந்துட்டியா? இந்தப் பள்ளத்தாக்குல போன் கூடாது, சமையலறையில மைக்ரோவேவ் அடுப்புகூடக் கூடாது. எங்க பெரிய ஆன்டெனாத் தட்டு வானத்துலேருந்து வர்ற ரேடியோ அலையைக் கேட்குது. பக்கத்துல ஒரு போன் சிணுங்கினாலும் அதுக்குக் காது அடைச்சுடும். ஆபீஸ்ல கம்பி போட்ட போன் ஒண்ணு இருக்கு, அவசரத்துக்கு மட்டும். மத்தபடி வாரத்துக்கு ஒரு வேன், மழை வந்தா அதுவும் இல்ல. அதனால பதில் தாமதமானா பாதை சரியில்லைன்னு அர்த்தம், சித்தி சரியில்லைன்னு இல்ல.

ஆனா கேளு! நேத்து அந்தத் தட்டை முதல் தடவையா முழுசா ஒரு சுத்து சுத்த விட்டாங்க! ஒரு கட்டடமே திரும்பிப் பார்க்குற மாதிரி இருந்துச்சு. நான் இழுத்த கம்பி ஒண்ணுகூட முறுக்கிக்கல. பெரிய பொறியாளர் கைதட்டினார், நான் விசிலடிச்சேன், எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

அந்த மூணு பேர்ல என்னையும் சேர்த்ததுக்குச் சந்தோஷம். ஆனா அந்த நாற்காலி எனக்குக் கொஞ்சம் உயரம்டி. தரையில ஒரு பாய் போட்டுக் கொடு, போதும். விழுந்தாலும் அடி படாது.

தண்ணி வெதுவெதுன்னு எழுதியிருக்கே. குளிருதுன்னும் எழுதியிருக்கே. சொல்லணும்னு தோணினா சொல்லு.

அன்போட,
சித்தி

பிப்ரவரி 12

சித்தீ! சித்தீ! சித்தீ!

எல்லாரும் நலம், நான் நலத்துக்கும் மேல! ஜெயிச்சுட்டோம்!

எட்டுப் பள்ளிக்கூடம். கடைசிச் சுத்து என்னுது. எனக்கு முன்னாடி நீந்தின நீளக்கால் சுவரைத் தொடும்போது நாங்க மூணாவது. நான் குதிச்சேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் இல்ல, ஆள் இல்ல, நான்கூட இல்ல, ரெண்டு கை மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. தலையைத் தூக்கினப்ப விசில் மேடம் உடுப்போட குளத்துக்குள்ள நிக்குறாங்க! செருப்பு மிதக்குது! அப்பா பெஞ்சு மேல ஏறி, பஸ்ல ஆள் ஏத்துற மாதிரியே "வா வா வா வா"ன்னு கத்தினாராம். அப்பா! வீட்டுல நாலு வார்த்தைக்கு மேல பேசாத அப்பா!

அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் நீளக்காலோட வீட்டுக்குப் போனோம். அங்கே அவளோட பழைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வந்திருந்தா. நீளக்கால் அவ பக்கத்துல போய் உட்கார்ந்தவ எழுந்திருக்கவே இல்ல. அரை மணி நேரம் இருக்கும். அவ்வளவுதான் நடந்தது, வேற ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குள்ள யாரோ சாமானெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்ட மாதிரி ஆயிடுச்சு. கூப்பிட்டா எதிரொலிக்கும், அந்த மாதிரி. மெடல் கழுத்துலயே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். அப்புறம் சரியாயிடுச்சு. எப்படிச் சரியாச்சுன்னு கேட்காதீங்க.

மறுநாள் அவ மன்னிப்புக் கேட்டா, நான் அழுதேன், அவளும் அழுதா, இப்ப நாங்க முன்னைவிட நெருக்கம்! அடுத்து மாநிலப் போட்டி!

ஜெயிச்சவ,
பம்பரம்

மார்ச் 5

சித்திக்கு,

நலம் விசாரிக்கப் போறது இல்ல.

நீளக்கால் ஒரு பாம்பு. என் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா. "நீ என்னை மூச்சு விட விட மாட்டேங்குறே"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா. விசில் மேடமும் பாம்பு. நான் கத்தினதுக்கு என்னை அணியிலேருந்து ஒரு வாரம் வெளிய உட்கார வச்சாங்க. நான் குளத்துப் பக்கமே போகப்போறது இல்ல. நீச்சலே பிடிக்காது. எப்பவுமே பிடிச்சது இல்ல.

முடியை நானே வெட்டிக்கிட்டேன். அம்மா அழுதாங்க.

நீங்களும் எழுதல. மூணு வாரம். பாயாம், தரையாம். நல்லா விளையாடுறீங்க. நீங்களும் அவங்களை மாதிரிதான். இனிமே எனக்கு எழுதாதீங்க.

(பேர் போட இஷ்டமில்ல)

மார்ச் 20

பம்பரத்துக்கு,

நலமான்னு நான் கேட்பேன், நீ கேட்கலைன்னாலும்.

மலைப்பாதையில மண் சரிஞ்சு வேன் மூணு வாரமா வரல. உன் ரெண்டு கடிதமும் ஒரே நாள்ல ஒரே பையில வந்துச்சு. ஒண்ணைப் படிச்சுத் துள்ளிக் குதிச்சேன், குதிச்ச கால் தரையில படுறதுக்குள்ள அடுத்ததைப் படிச்சேன். ஒரே ஆளோட கையெழுத்து, நடுவுல ஒரு மாசம்கூட இல்ல. நீ இந்த ரெண்டுக்கும் நடுவுல தினமும் போய்ட்டு வர்றியே! எவ்வளவு களைப்பா இருக்கும் உனக்கு!

எழுதாதேன்னு சொல்லியிருக்கே. அது மட்டும் முடியாது. கோவம் இருக்குற வரைக்கும் கோவப்படு. படிக்காம கிழிச்சும் போடு. நான் எழுதுவேன்.

வெட்டின முடி எப்படி இருக்கு? எனக்குச் சின்ன வயசுல அக்கா வெட்டிவிட்டதைவிட மோசமா இருக்க வாய்ப்பே இல்ல.

இங்கேயே இருக்குற,
சித்தி

மார்ச் 20

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? கண்ணாடிக் கடையில நாள் முழுக்க நிக்கிறியே, கால் வீக்கம் குறைஞ்சுதா?

இதே வேன்ல உன் மகளுக்கும் எழுதியிருக்கேன். இது உனக்கு மட்டும்.

எங்க மருத்துவ அறையில ஒரு நர்ஸம்மா இருக்காங்க. இங்கே வர்றதுக்கு முன்னாடி வளர்ற வயசுப் பிள்ளைகளோட மனநலப் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்தவங்க. பேர் சொல்லாம, யாரோ ஒரு பொண்ணுன்னு சொல்லிக் கேட்டேன். அவங்க என்னையே கேள்வி கேட்டாங்க. இது எப்பத்திலேருந்து? வீட்டுல மட்டுமா, எல்லா இடத்திலயுமா? பிடிச்சவங்க தெய்வம், மறுநாள் பேய், இப்படி மாறுதா? விட்டுட்டுப் போயிடுவாங்கங்கிற பயம் வந்தா என்ன பண்றா? உள்ளுக்குள்ள காலியா இருக்குன்னு சொல்றாளா? தன்னைத்தானே காயப்படுத்திக்கிறாளா?

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல அக்கா. வெதுவெதுப்பான குளத்துல முழுக்கை உடுப்பு போட்டிருக்காள்ங்கிறது மட்டும் தெரியும்.

"கடிதத்தை வச்சு நான் எதையும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா காத்திருக்காதீங்க"ன்னு நர்ஸம்மா சொன்னாங்க. உங்க ஊர்லயே பிள்ளைகளுக்கான மனநல டாக்டர் இருப்பாங்க. ஒரு தடவை கூட்டிட்டுப் போ அக்கா.

தங்கை

ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. உன் முட்டியைக் கவனி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாமாவிடம்கூடக் காட்டவில்லை. பதினாறு வயதில் எந்தப் பெண் கத்தாமல் இருக்கிறாள்? நீ கத்தாத கத்தலா? கதவைச் சாத்தியதற்கும் முடியை வெட்டியதற்கும் மனநல டாக்டர் என்றால் ஊரில் பாதிப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்குப் பிடிவாதம், அவ்வளவுதான். பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும். நாளைக்கு யாராவது ஒரு பேரை அவள் நெற்றியில் ஒட்டிவிட்டால் நீ வந்து எடுப்பாயா? நாலு மலைக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். பெற்று வளர்த்துப் பார்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

வேலையைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பி.கு. பழைய தழும்பு மறைவதற்கு நல்ல களிம்பு ஏதாவது உண்டா என்று உன் நர்ஸம்மாவிடம் கேட்டு எழுது. கடைக்கு வருகிற ஒரு அம்மாவுக்குத் தேவையாம்.

ஏப்ரல் 22

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ எழுதினதுல எனக்குக் கோவம் இல்ல. பெத்து வளர்க்கலங்கிறது உண்மைதானே.

களிம்பு பேரைத் தனித்தாள்ல நர்ஸம்மா கைப்பட எழுதிக் கொடுத்திருக்காங்க. யாருக்குன்னு அவங்க கேட்கல. நானும் கேட்கல. "தழும்பு பழசா இருந்தா இதைப் போடலாம். பக்கத்துலயே புதுசும் இருந்தா களிம்பு போதாதுன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க"ன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: "அந்தப் பொண்ணைத் திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 'எனக்குத் தெரியும், நான் பக்கத்துல இருக்கேன்'னு சொன்னாப் போதும். அப்புறம் டாக்டர்கிட்ட."

அந்த அம்மாகிட்டச் சொல்லிடு அக்கா. அவங்களைத் தப்பா நினைக்க இங்கே யாரும் இல்லைன்னும் சொல்லு.

பம்பரம் எனக்கு எழுதல. நான் அவளுக்கு எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்.

தங்கை

ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேரும் என்பதை நிறுத்தி ஒரு தடவை படி.

அன்றைக்கு உன் ஆபீஸ் போனில் "அவள் பத்திரம்" என்று சொன்னதோடு லைன் போய்விட்டது. நீ எவ்வளவு தவித்திருப்பாய்! டாக்டர் முடிவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன், இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன். எனக்கே என்னவென்று தெரியவில்லை, பல மாதங்களுக்குப் பிறகு யாரோ என் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

நீளக்கால் வேறு ஊருக்குக் குடிபோகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவள் பையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். உன் மாமா மத்தியான டிரிப்பில் பெரிய சாலையில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே நடுரோட்டில், காலில் செருப்பில்லாமல், அழுதுகொண்டே ஒரு பெண் நடந்து வருகிறாள். ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. கிட்டே வந்ததும்தான் தன் மகள் என்று தெரிந்திருக்கிறது.

பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். அவள், "விடுங்கப்பா, எல்லாரும் போறாங்க, நானும் போறேன்" என்று திமிறியிருக்கிறாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். அப்போதுதான் சட்டைக் கை விலகி, அவள் கையைப் பார்த்திருக்கிறார். பஸ் நிறைய ஆட்கள். திரும்பி நின்று, "என் மக. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இறங்குறவங்க இறங்கிக்கலாம்" என்றாராம். ஒருவர்கூட இறங்கவில்லை! கண்டக்டர், "போங்கண்ணே" என்று மணியை அடித்திருக்கிறார். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, வழி முழுக்க அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பாதையை விட்டு விலகி, நிறுத்தம் எதிலும் நிற்காமல், அத்தனை பேரோடும் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. டிப்போவில் விளக்கம் கேட்டார்கள். இவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "என் மகள் ரோட்டில் இருந்தாள்." அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

அங்கிருந்துதான் பிள்ளைகளின் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருக்கிறார். ரத்தம் எடுத்து வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்தார், இவளிடம் தனியாகப் பேசினார், பள்ளிக்கூடத்தில் விசாரித்தார், எங்களிடம் பேசினார், பல தடவை போனோம். பிறகு சொன்னார்: "இந்த வயசுல கோவமும் அழுகையும் எல்லாப் பிள்ளைக்கும் வரும், போகும். இவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல, வீடு, பள்ளிக்கூடம், நட்புன்னு எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வருது. தன்னையே காயப்படுத்திக்கிற அளவுக்கு வலிக்குது. இது பிடிவாதம் இல்லம்மா. உணர்ச்சி நிலைகொள்ளாத ஆளுமைக் கோளாறோட அடையாளங்கள். வளர்ற வயசுங்கிறதால முத்திரை குத்த நான் அவசரப்பட மாட்டேன். ஆனா பேர் சொல்லப் பயந்துக்கிட்டு சிகிச்சையைத் தள்ளிப்போடவும் மாட்டேன்."

நான் அழுதேன். உன் மாமா கேட்டார்: "வண்டி ஓட்டுறதைக் கத்துக்குற மாதிரி இதையும் கத்துக்க முடியுமா?" டாக்டர், "அப்படியேதான். நாளாகும், ஆனா முடியும். நிறையப் பிள்ளைங்க நல்லா ஆகுறாங்க" என்றார். "அப்ப சரி" என்றார் இவர். எழுந்து நின்று டாக்டருக்குக் கை கொடுத்தார்! இவர் யாருக்காவது கை கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

களிம்பு தேவைப்பட்ட அந்த 'அம்மா' இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள். நன்றாகத் தூங்குகிறாள்.

அக்கா

ஜூலை 11

சித்தி!

நான் நலம்னு எழுதமாட்டேன், சுமார்னு எழுதுறேன், அதுதான் நிஜம். நீங்க நலமா? இந்தத் தடவை பதில் வர்ற வரைக்கும் நிஜமாவே காத்திருப்பேன். உங்க கடிதம் எதையும் கிழிக்கல. படிக்கல, ஆனா கிழிக்கல. போன வாரம் எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சேன். பொறியாளர் ஏணியிலேருந்து டீயோட விழுந்த கதைக்கு மூணு தடவை சிரிச்சேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதுக்கு ஒரு பேர் இருக்காம், சித்தி!

முதல்ல கேட்டப்ப எனக்கு ஆத்திரம். ஆளுமைக் கோளாறுன்னா என்ன அர்த்தம்? கையில கோளாறு, காதுல கோளாறுன்னா பரவாயில்ல, ஆளே கோளாறா? டாக்டரோட மேஜையைக் குத்தினேன். "அப்ப நான்தான் கோளாறு, அப்படித்தானே?"ன்னு கேட்டேன். அவங்க அசரவே இல்ல. "பேர் எனக்கும் பிடிக்கல. நான் வைக்கல அந்தப் பேரை. உனக்குத் தோல் மெல்லிசும்மா. மத்தவங்களுக்குக் காத்துப் படுற மாதிரி இருக்குறது உனக்கு நெருப்புப் படுற மாதிரி இருக்கு. நெருப்புச் சுட்டா கத்தத்தான் செய்வே. கத்துறது தப்பு இல்ல, சுடாம என்ன பண்ணலாம்னு பார்ப்போம்"னாங்க. நான் குத்தின கையை மேஜை மேலயே வச்சுக்கிட்டு அழுதேன்.

அப்புறம் குழுவுக்கு அனுப்பினாங்க. வட்டமா நாற்காலி, எல்லாரும் என் வயசு, எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஒரு பையன், காதுவரைக்கும் தொப்பியை இழுத்து விட்டவன், மெதுவா சொன்னான்: "சிநேகிதன் பதில் போட லேட்டானா, நானே இல்லாம போயிட்ட மாதிரி இருக்கும்."

நான் நாற்காலியிலேருந்து எழுந்துட்டேன் சித்தி! "எனக்கும்!"னு கத்திட்டேன்! பக்கத்துப் பொண்ணு, "எனக்கும்!" எதிர்ப் பொண்ணு, "எனக்குத் தினமும்!" தொப்பிக்காரன் தொப்பியைக் கழட்டிட்டான்! குழுவை நடத்துற அக்கா, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா"ன்னு கெஞ்சுறாங்க, யாரும் கேட்கல. இத்தனை வருஷமா இந்த உலகத்துல இப்படி ஒருத்திதான், அவ மோசமானவன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதே அறையிலேயே அரை டஜன் பேர் இருக்கோம்!

கைக்கு இப்ப என்னன்னு நீங்க கேட்கமாட்டீங்க, தெரியும். நானே சொல்றேன். குறைஞ்சிருக்கு. போன மாசம் ஒரு தடவை தவறிட்டேன். மறைக்கல, அம்மாகிட்டயே போய்ச் சொன்னேன். அம்மா திட்டல. மருந்துப் பெட்டியை எடுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க.

ஆகஸ்ட்டுல லீவுல வரேன்னு எழுதியிருந்தீங்களே, வர்றீங்கள்ல? நிச்சயமாத்தானே? நிச்சயம்னா நிச்சயம்?

பம்பரம்

ஆகஸ்ட் 3

என் பம்பரத்துக்கு,

நலம். இப்ப முட்டி முனகலை, நேரடியாவே திட்டுது. உன் கடிதத்தை நின்னுக்கிட்டே படிச்சேன். "எனக்கும்!"ங்கிற இடத்துல நானும் கத்திட்டேன். சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, இது எனக்குப் புதுசு இல்ல. நர்ஸம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, ரொம்ப நேரம் துடைச்சாங்க.

இப்ப உனக்குப் பிடிக்காத சேதி. சுத்தி வளைக்கல, நேரா சொல்றேன். ஆகஸ்ட்டுல என்னால வர முடியாது.

தட்டு வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. முந்தாநாள் முதல் தடவையா தூரத்து நட்சத்திரம் ஒண்ணோட துடிப்பு எங்களுக்குக் கேட்டுச்சு, டக், டக், டக்னு! எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதோம். அதோட ஒரு பிரச்சனையும் வந்துச்சு. தட்டுக்குக் கீழ கம்பி போற சுரங்கத்துல ஈரம் இறங்கி, கம்பியெல்லாம் மாத்தியாகணும். எனக்குப் பதிலா வர வேண்டியவர் வரல. நவம்பர் வரைக்கும் என்னை விடமாட்டாங்க.

வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கேன். உனக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சமாவது எனக்குத் தெரியும். என்ன எழுதணும்னு தோணுதோ அதை எழுது. எதுவா இருந்தாலும் படிப்பேன்.

சித்தி

செப்டம்பர் 2

சித்தி,

நலமா? கோவத்தோட கேட்குறேன்.

உங்க கடிதத்தை வாசப்படியிலேயே நின்னு படிச்சேன். "வர முடியாது"ங்கிற இடத்துல பாதத்துலேருந்து சூடு ஏறுச்சு. உங்களுக்காக என் அறையையே மாத்திப் போட்டிருந்தேன்! அலமாரியில பாதி காலி பண்ணி வச்சிருந்தேன்! பொய்க்காரி, பாம்பு, போன் இல்லாத ஊர்லயே கிடங்க, எல்லா வார்த்தையும் வரிசையா வந்துச்சு. தாளை எடுத்து "இனிமே"ன்னு எழுதிட்டேன்.

அப்புறம் பேனாவை வச்சுட்டேன். குழுவுல சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரு வாளி சில்லுன்ன தண்ணியில முகத்தை முக்கினேன். வெளிய எடுத்தேன், திரும்ப முக்கினேன். சட்டை எல்லாம் ஈரம். அப்படியே தரையில உட்கார்ந்து, கோவம் போயிடும்னு காத்திருந்தேன்.

போகல சித்தி! அப்படியே இருந்துச்சு, பாறை மாதிரி. ஆனா அதுக்குப் பக்கத்துல வேற ஒண்ணும் இருந்துச்சு. நர்ஸம்மா கண்ணாடி துடைச்சது. சுரங்கத்துல நீங்க முட்டி வலியோட கம்பி இழுக்குறது. நான் எழுதாத மாசமெல்லாம் நீங்க எழுதினது. எனக்கு யார் மேலயாவது கோவம் வந்தா அந்த ஆளே மனசுலேருந்து அழிஞ்சுபோயிடுவாங்க, எப்பவும் அப்படித்தான். இந்தத் தடவை நீங்க அழியல! கோவமும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க! ரெண்டும் ஒரே நேரத்துல! இப்படி முடியும்னே எனக்குத் தெரியாது!

ஈரச் சட்டையோட சமையலறைக்கு ஓடினேன். அம்மா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. "அம்மா! எனக்குச் சித்தி மேல பயங்கரக் கோவம்! கொன்னுடலாம் போல இருக்கு! ஆனா சித்தியை ரொம்பப் பிடிக்கவும் பிடிக்குது! ரெண்டும் ஒண்ணா வருதும்மா, என்ன பண்றது?"ன்னு கத்தினேன்.

அம்மா சோப்பு நுரைக் கையோட அப்படியே நின்னு என்னைப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"ஒண்ணும் பண்ண முடியாதுடி. எனக்கு அவ பொறந்ததுலேருந்தே அப்படித்தான் இருக்கு."

நாங்க சிரிச்ச சிரிப்புல, டூட்டி முடிச்சுத் தூங்கிக்கிட்டிருந்த அப்பா எழுந்து ஓடி வந்துட்டார்.

கோவத்தோடயும் அன்போடயும்,
பம்பரம்